அருளப்புவின் குதிகால் கோடு

இரண்டு கோல் கம்பங்களுக்கும் நடுவிலிருந்து, ஈரப் புல்லைக் குதிகாலால் கீறியபடி முன்னால் நடந்து வருகிறார் அருளப்பு. ஆறேழு அடி நீளத்துக்கு ஒரு கோடு. ஆட்ட நடுவில், அவர் திரும்பிப் பார்க்காமலே, வலை எங்கே இருக்கிறதென்று அது சொல்லிவிடும். புல்லைக் கீறுகிறாரே என்று நடுவர் முகத்தைச் சுளித்தால் எங்கள் பக்கம் திரும்பி, "எனக்கு முதுகில கண் இல்லையே" என்பார்.

மன்னார்க்காரர். அறுபதை நெருங்குகிறார். அங்கே பங்குக் கோயில் கால்பந்து அணிக்குக் கோல் காத்தவர், இப்போது வெளிநாட்டில், பாபடோயிட்டோ என்ற ஊரில், எங்கள் அணிக்குக் காக்கிறார். வார நாட்களில் விமான நிலையச் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை. பந்து பட்டு ஒடிந்து ஒடிந்து விரல் ஒன்றும் நேராக இல்லை. நற்கருணைக்கு நீட்டும் கையும் பந்து பிடிக்கிற மாதிரியே வளைந்திருக்கும். "பூசைக்குப் பிந்துவார், மட்சுக்குப் பிந்தமாட்டார்" என்பார் மனைவி இமெல்டா.

நான் அவருக்கு முன்னால் இடப்பக்கம் நின்று தடுப்பவன். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, பந்து உன்ர பக்கம் வந்தால் வாயை மூடாத. கதைச்சுக்கொண்டே இரு." மதுரைக்காரனிடம் இதைச் சொல்லவும் வேண்டுமா? "வர்றாண்ணே, உள்ள வெட்டுறான், அடிக்கப் போறான்" என்று ஆட்டம் முடியும்வரை கத்துவேன். மனிதருக்குப் பேச்சு பிடிக்கும் போல என்றுதான் நினைத்தேன்.

சென்ற சனிக்கிழமை எனக்குக் கணுக்கால் பிசகியது. வலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். என் இடத்தில் இறங்கிய அகில் இங்கேயே பிறந்தவன். நல்ல ஆட்டக்காரன், ஆனால் வாயில் கொழுக்கட்டை. இடப்பக்கமிருந்து எதிரணிக்காரன் ஒருவன் சும்மா உருட்டிவிட்டான். அருளப்பு அசையவே இல்லை. பந்து வலைக்குள் கிடக்கிறது, அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு, "பந்து எங்க?" என்றார்.

அணித் தலைவர் யசீகரன் ஓடி வந்தார்.

"அண்ணை, இடக்கண் தெரியேல்லையோ?"

"ஓம். ரெண்டு வருசமா."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் நிப்பாட்டிப் போடுவியள். கிழமை முழுக்கத் தட்டுக் கழுவுறன். இந்த ஒரு நாள் தான் நான் ஆளா இருக்கிறன்."

"மற்றக் கண்?"

"அது வடிவாத் தெரியும். அதை வச்சு நிப்பன்."

"அதிலயும் பந்து பட்டால் என்ன செய்யிறது அண்ணை? இமெல்டாக்காவுக்கு நான் என்ன சொல்ல?"

யசீகரன் கையைக் காட்ட, வெளியே நின்ற ஷெல்டன் கையுறை மாட்டிக்கொண்டு வந்தான். கோட்டின்மேல் காலை வைத்துப் பார்த்தான்.

"அதில நில்லாத. அது என்ர அளவு. உனக்குச் சரிவராது."

நடுவர் காத்திருக்க, அருளப்பு பாதத்தால் கோட்டைத் தேய்த்து அழித்துக்கொண்டே வலைவரை வந்தார். என் அருகில் வந்ததும் குனிந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, கோடு இன்னும் இருக்கிறதா என்று அந்த வளைந்த விரல்களால் முகத்துக்கு நேரே இருந்த புல்லைத் தடவிப் பார்த்தார்.