வீடு மாறி வந்த போலீஸ்

இங்கே ஜெர்மனியில், டோர்ட்முண்டில் ஞாயிற்றுக்கிழமை இஞ்சி தட்டக் கூடாது. சட்டத்தில் இஞ்சி என்று எழுதியிருக்காது, சத்தம் கூடாது என்றுதான் இருக்கும். ஆனால் நான் கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும், கீழ்வீட்டுக் கிழவி துடைப்பக் கட்டையால் தன் கூரையில் இடிப்பாள். பாம்புச் செவி அவளுக்கு. மறுநாள் மாடிப்படியில் மறித்துக்கொண்டு "ரூஹெட்சைட், ரூஹெட்சைட்" என்பாள். அமைதி நேரமாம். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒலிபெருக்கி அலறும் கிரிவலப் பாதையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் ஒருத்தி கதறினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கு இன்னாத்துக்கு?" என்பார்கள். அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சி கலா, கல்யாணமான நாளிலிருந்து அந்த டிவி சத்தத்துக்கு நடுவில்தான் அடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கலாவின் மகள் திவ்யா பத்தாவது. பாடமெல்லாம் அம்மாவின் போனில்தான், அந்தப் போனையும் அப்பன் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். இங்கே என் மகள் யாழினிக்கு நானே வீடியோ பார்த்துப் பார்த்து பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூட வேலைக்கும் கொஞ்சம் விளையாட்டுக்கும் தாங்கும். அதேபோல ஒன்று திவ்யாவுக்கும் என்று தேரடி வீதிக் கடைக்குப் போனோம். மானிட்டர் மட்டும் பழசு, மற்றதெல்லாம் புதுசு. எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடும் கேபினட் பெட்டியில்தான் தகராறு. ஒரு பக்கம் கண்ணாடி வைத்ததைத் திவ்யா கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடின்னா உள்ள லைட்டு எரியறது தெரியும்ங்க மேடம். பசங்க அதான் கேக்குது" என்றார் கடைக்காரர்.

"லைட்டு எரிய இது இன்னா சாமி தேரா? இரும்புத் தகடே போதும், குடுங்க" என்றேன். திவ்யா வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

கலா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பூட்டினோம். பிராசசர் மேல் தடவும் பசையைத் திவ்யா விபூதிப் பட்டை மாதிரி இழுக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டேன். மெமரியை அழுத்தச் சொன்னால் பயம். டக்கென்று சத்தம் வந்ததும் "ஒடஞ்சிடுச்சா பெரிம்மா?" என்று அழுகைக்கே போய்விட்டாள். "ஒடையலடி, உக்காந்துடுச்சு" என்றேன். திரை எரிந்ததும் கலா கற்பூரம் காட்டினாள். அவள் புருஷன் குமரேசன் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போட்டிருப்பவன். வாசலில் நின்று பார்த்து, "பொம்பளைங்கல்லாம் மெக்கானிக் ஆயிட்டீங்களா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இங்கே திரும்பிய பிறகு ஞாயிறுதோறும் இரண்டு பெண்களும் இன்டர்நெட்டில் சேர்ந்து விளையாடுவார்கள். அன்று ஊரில் பௌர்ணமி. இங்கே பிற்பகல், அங்கே பொழுது சாய்கிற நேரம். கட்டம் கட்டமாக அடுக்கும் விளையாட்டில் நம் மலையையே கட்டிக்கொண்டிருந்தார்கள். யாழினியின் ஹெட்போன் ஒயர் அறுந்துபோனதால் பேச்செல்லாம் ஸ்பீக்கரில். கடைக்குத் தண்ணீர் எடுக்க வந்த கலா, "நல்லாக்கீறியாக்கா?" என்று குரல் கொடுத்தாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், அங்கே கதவு மோதியது.

"இன்னாடி, பௌர்ணமி அன்னிக்குக் கடைய உட்டுட்டு ஆத்தாளும் பொண்ணும் பொட்டி முன்னாடி குந்தினுகீறீங்களா?"

அடுத்து விழுந்தது அறை. என் சமையலறையிலேயே விழுந்தது போலக் கேட்டது. கலா அலறினாள், பாத்திரம் உருண்டது, மறுபடியும் அறை. "உங்கக்கா குடுத்த திமிருடி! பொட்டியையும் வெட்றேன், உன்னியும் வெட்றேன்!" இளநீர்க் கத்தி அவன் கையைவிட்டு இறங்காது என்று எனக்குத் தெரியும். "டேய் குமரேசா, அவ மேல கைய வெச்சின்னா கொன்னுடுவேன்டா, நாசமாப் போறவனே!" என்று மானிட்டரைப் பிடித்து உலுக்கினேன். யாழினி அழுதாள். "வேணாம்ப்பா! வேணாம்ப்பா!" என்ற திவ்யாவின் குரல், ஏதோ பிடுங்கிக்கொள்ளும் கரகரப்பு, பிறகு ஒன்றுமே இல்லை. திரையில் பாதி கட்டிய மலை மட்டும் நின்றது. போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். யாரும் எடுக்கவில்லை. ஊர் ஸ்டேஷன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது என் வீட்டு மணி அடித்தது.

வாசலில் இரண்டு போலீஸ். கிழவி அலறலைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். "வோ இஸ்ட் டி ஃப்ராவ்?" என்றாள் போலீஸ்காரி. அந்தப் பெண் எங்கே என்கிறாள். "டோர்ட்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன், அங்கே என்று அர்த்தம். கூட வந்தவன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். குளியலறையைப் பார்த்தான், அலமாரியைத் திறந்தான். "என் தங்கச்சி, இந்தியாவில்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினேன். போலீஸ்காரி என் சட்டைக் கையை மெல்ல ஏற்றிக் காயம் தேடினாள். கணவர் எங்கே என்றாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அடித்தவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. என் தங்கச்சியின் அலறலுக்கு முதன்முதலாகப் போலீஸ் வந்திருக்கிறது, அதுவும் வீடு மாறி. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் நிற்கும்போதே போன் வந்தது. திவ்யாதான், மூச்சு வாங்கினாள்.

"பெரிம்மா, அம்மா நல்லாக்கீது. கைல மட்டும் வெட்டு. அந்தாளு அம்மா மேல கத்திய ஓங்குச்சு. நான் சிபியுவத் தூக்கிக் குறுக்கக் காட்டுனேன். கத்தி தகட்டுல மாட்டிக்கிச்சு பெரிம்மா. இழுத்து இழுத்துப் பாக்குது, வரவே இல்ல. அதுக்குள்ள ஓடியாந்துட்டோம். கீழ்பென்னாத்தூர் பஸ்ல கீறோம், மாமா வூட்டுக்கு."

அப்பா என்று அவள் சொல்லவில்லை. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி வாங்கியிருந்தால்? என்ன சொல்கிறாள் என்று போலீஸ்காரி கேட்டாள். கம்ப்யூட்டர் என் தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டது என்றேன். என் ஜெர்மன் அவளுக்கு எப்படிக் கேட்டதோ, "கம்ப்யூட்டர் உங்கள் தங்கையை அடித்ததா?" என்று திருப்பிக் கேட்டாள்.

கலாவும் திவ்யாவும் இப்போது கீழ்பென்னாத்தூரில் எங்கள் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். குமரேசன் அவ்வப்போது குடித்துவிட்டு வந்து வாசலில் கத்துகிறான். அக்கம்பக்கத்தில் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். இங்கே கிழவி இஞ்சிக்கு இடிப்பதை நிறுத்திவிட்டாள். என்னை மாடிப்படியில் பார்த்தால் முதலில் கையைத்தான் பார்க்கிறாள். நடந்ததை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், தலையாட்டுகிறாள், நம்புவதில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டி, பாரம்மா, ஒன்றுமில்லை என்று காட்டுகிறேன். அப்போதும் அவள் கண் தேடுகிறது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் தேடுகிற காயம் இருக்கத்தான் இருக்கிறது, கீழ்பென்னாத்தூரில், கலாவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே.