இந்துமதியின் வலது கால்

கட்டபெட்டில் தையல்கடை வைத்திருக்கும் இந்துமதி, சசிதரனின் பாட்டுக்குழுவில் வயலினும் வாசிக்கிறாள். மேடையேறினால் அவளுக்குக் கோபமெல்லாம் பனிமூட்டத்தின் மேல்தான். பாட்டுக் குறிப்புத் தாள்கள் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு கையும் வயலினில் இருக்க, அவற்றை எப்படிப் பிரித்துத் திருப்புவது?

அதனால்தான் டேப்லெட் வாங்கினாள். எல்லாப் பாட்டும் ஒரே செயலிக்குள் அடங்கிவிட்டது. தரையில் ஒரு சின்ன பெடல்; காலால் அழுத்தினால் திரையில் பக்கம் திரும்பும்.

கீழ் கோத்தகிரி எஸ்டேட் கோயில் திருவிழாவில் முதல் பாட்டே சொதப்பியது. தபேலா வேகமெடுத்ததும், வருடக்கணக்காக மோட்டார் தையல் மெஷினை மிதித்துப் பழகிய வலது கால், தாளத்துக்குத் துணி தைக்கத் தொடங்கிவிட்டது. பக்கங்கள் பறந்தன. சசிதரன் பல்லவியில் இருக்க, இவள் கடைசிச் சரணத்துக்குப் போய்விட்டாள்.

பாட்டு முடிந்ததும் சசிதரன் குனிந்து கேட்டான். "ஏனுங்க்கா, அதுக்குள்ள முடிச்சுப்போட்டீங்களா?"

"பேசாம இரு சசி! இந்தக் காலை வெட்டிப்போட்டாத்தான் சரிப்படும்."

வெட்டவில்லை. பெடலை இடது காலுக்கு நகர்த்தினாள். அந்தக் கால் எந்த மெஷினையும் மிதித்ததில்லை. நினைத்தபோது மட்டும் அழுத்தியது. அடுத்த பாட்டெல்லாம் பிசகில்லாமல் ஓடின. கடைசிப் பாட்டுக்குக் கைதட்டல் எழுந்தபோது இந்துமதி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

மறுநாள் கடையில், எதிரே காத்திருந்த வாடிக்கையாளர் நபீசாவின் சுடிதாரில் ஒரு கைக்கு ஓரம் அடித்து முடித்தாள்.

"என்னக்கா, இடது காலால சும்மா தரையை மிதிக்கறீங்க?" என்றாள் நபீசா.

இந்துமதி குனிந்து பார்த்தாள்.

"அது பக்கம் திருப்புது கண்ணு."