நாலாவது ஆள்மேல் சந்தேகம்

என் அக்கா புருஷன் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் மேல போயிருக்காரா?" என்று கேட்டால் காவலாளி சிரிக்காமல் பதில் சொல்வார். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே நாற்காலியின் நான்கு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தன் நிழல் பின்னால் வந்தாலும் "எதுக்கு வர்ற?" என்று கேட்கிற ஆள். நானும் அதே கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். ஆகவே அவருடைய பட்டியலில் எனக்கும் ஓர் இடம் உண்டு.

புதிதாகக் குடிவருபவர்களை நிறுத்திவைத்து ஒரு பாடம் எடுப்பார்.

"இந்தப் பெட்டிய நாலு பேரு பாத்துக்கறாங்க சார். பூமி கீழ இழுக்கும், லீவே போடாத ஆளு. கம்பிக்கயிறு மேல இழுக்கும், அதுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. தரை உங்க கால மேல தள்ளும். நீங்க எவ்வளவு அமுக்குறீங்களோ அவ்வளவுதான், ஒரு பொட்டு கூட்டாது."

"நாலாவது?"

"உராய்வு. அவனத்தான் நான் நம்பமாட்டேன். ஒரு நுனியில பெட்டி, மறு நுனியில இரும்புப் பாரம், நடுவுல கயிறு சும்மா சக்கரத்துமேல கெடக்கு. யாரும் கட்டல. உராய்வு பிடிச்சாத்தான் உண்டு. அவன் இருந்தான்னு வழுக்கின பிறகுதான் தெரியும்."

கேட்டவர் முகம் வெளிறிவிடும். மாமாவுக்கு அதில் ஒரு திருப்தி.

விதிப்படி கயிற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். மாமா தினமும் பார்ப்பார். மொட்டைமாடி எந்திர அறையில், கயிற்றைத் துணியால் மெல்ல உருவுவார். எங்காவது இழை அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் லிஃப்ட் முரண்டு பிடித்தது. ஆள் நிறைந்து இறங்கும்போது நாலாம் மாடியில் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. மறுநாள் மூன்று விரல். மூன்றாம் நாள் ஓர் ஆசிரியை தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். யாரால வந்துச்சோ அவருக்கு இங்க வேலை இல்ல."

மாமா கயிற்றைத் தொட்டார். விரலில் எண்ணெய் பளபளத்தது. சக்கரம் கயிற்றைப் பிடிக்காமல் வழுக்கவிட்டதற்குக் காரணம் அதுதான்.

"எவனோ தடவியிருக்கான்" என்றார். பார்த்தது என்னை.

"நான் எதுக்கு மாமா தடவணும்?"

"லிஃப்ட் வேலையும் நீ படிச்சிருக்க. இதுவும் உன் கைக்கு வரணும்னு ஆசை. எனக்குத் தெரியாதா?"

அன்று மாலையே செயலாளரிடம் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா அவருக்குச் சாப்பாடு போட்டபடியே அழுதாள்.

"அவன் என் தம்பிங்க."

"தம்பின்னா எண்ணெய் தடவத் தெரியாதா?"

புதன்கிழமை புதுத் துணி வாங்கிவந்து கயிற்றைச் சுத்தமாகத் துடைத்தார். அறைக்குப் புதுப் பூட்டு. வெளியேறும்போது தரையெங்கும் முகப்பவுடரைத் தூவிவிட்டார், திருடனின் தடம் பதியட்டும் என்று. மறுநாள் காலை செயலாளர், காவலாளி, நான் மூவரையும் சாட்சிக்கு நிறுத்திக் கதவைத் திறந்தார். பவுடரில் ஒரு தடம்கூட இல்லை. கயிறு உலர்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா? உஷாராயிட்டான்" என்றார் மாமா.

பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில், இடுப்பிலிருந்து துணியை உருவிக் கயிற்றைச் சோதித்தார். துணி போன இடமெல்லாம் கயிறு மினுமினுத்தது.

செயலாளர் கிட்டே போனார். "அது என்ன துணி?"

மாமா துணியைப் பார்த்தார். பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்துக்குத் தினமும் காலையில் எண்ணெய் போடுகிற துணி. தண்டவாளத்துக்கு எண்ணெய் வேண்டும், கயிற்றுக்கு ஆகாது. இரண்டுக்கும் தனித்தனித் துணிதான் வைத்திருந்தார். துணிகளை யாரோ திருடுகிறார்கள் என்று பதினைந்து நாளாகச் சந்தேகம். அதனால் ஒன்றை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தார்.

பவுடர்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"சார், அவரையே வெச்சுக்கோங்க" என்று கெஞ்சினேன். செயலாளர் சொன்ன சொல் மாறவில்லை. வெள்ளிக்கிழமை லிஃப்ட் என் கைக்கு வந்தது. மாமா சந்தேகப்பட்டது அப்படியே பலித்தது, அதுவும் அவர் கையாலேயே.

அக்கா வீடு அதே கட்டடத்தில் ஆறாவது மாடி. மாமா இப்போது படியில்தான் ஏறுகிறார். போன வாரம் நாலாம் மாடியில் மூச்சு வாங்க நின்றவரைப் பிடித்துக் கேட்டேன்.

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது மாமா. இன்னுமா என்மேல சந்தேகம்?"

"உன்மேல இல்லடா. உள்ள ஏறினா எதையாவது தொட்டுப் பாப்பேன். என் கையத்தான் நம்ப முடியல."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மீதி இரண்டு மாடியும் ஏறினார்.