வெறும் புல்லுக்கு எதற்கு ஒழுங்கை

ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகிப்பது அப்பாவின் முழுநேர வேலை. பார்சல் கொண்டுவருகிறவன் முதல் என் வகுப்பாசிரியை வரை ஒருவரும் தப்பியதில்லை. எனக்குப் பத்து வயதான வருடம் மட்டும் மற்ற எல்லோருக்கும் விடுமுறை கொடுத்துவிட்டு, கீழ்வீட்டு ஐரிஷ் அன்ரி ஒருவரையே பிடித்துக்கொண்டார்.

கொலோனில் எங்கள் கட்டடத்தில் தனியாக இருந்தவர் அந்த அன்ரி. அவருடைய குடும்பம் அயர்லாந்தில் ஒருகாலத்தில் ஒரு ஊரையே சொந்தமாக வைத்திருந்ததாம். அந்தக் காணிகளின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆர்வத்தில் ஒருநாள் மாடிப்படியில் அம்மாவை மறித்து, யாழ்ப்பாணத்தில் உங்களுக்குக் காணி உண்டா, அதில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுவிட்டார். போச்சு.

"சிற்றிசன்சிப்புக்கு அன்ட்ராக் போட்டுக் கிடக்கு. இப்ப பாத்து உவ காணி விசாரிக்கிறா. உவ ஆரோ அனுப்பின ஆள்," என்றார் அப்பா. அந்தக் குடியுரிமை விண்ணப்பம் திரும்பிவந்தால் எங்கள் கதை முடிந்தது என்று எனக்கும் தெரியும்.

உளவு பார்க்க என்னை அனுப்பினார்கள். அன்ரியின் மேசை நிறையப் பழைய வரைபடங்கள், பெயர்ப் பட்டியல்கள், சில பெயர்கள் சிவப்பில் வெட்டப்பட்டிருந்தன. இதை நான் கொஞ்சம் மசாலா போட்டே சொன்னேன். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு நேரே கீழே இறங்கினார். அவருடைய ஜெர்மன் கடைக்குப் போய்வர மட்டுமே போதும் என்பதால் மொழிபெயர்க்க நானும் கூடவே.

அன்ரி கொஞ்சமும் பதறவில்லை. தன் பாட்டனாரின் காணிப் படத்தை விரித்துக் காட்டினார். ஆற்றோரம் பெரிய வெற்றிடம். அங்கே என்றைக்கும் புல் மட்டும்தான், செம்மறி மேய்ந்தது என்று பாட்டனார் எழுதிவைத்திருந்தாராம். அப்பா குனிந்தார். சிறு பாதைகளைக் குறிக்கும் நான்கு மெல்லிய கோடுகள் அந்தப் புல்லுக்குள் போய்ச் சட்டென்று முடிந்தன. அவர் விரல் அங்கே நின்றது.

"வெறும் புல்லுக்கு என்னத்துக்கு நாலு ஒழுங்கை? உதில சனம் இருந்திருக்கு. அவையளை எழுப்பிக் கலைச்சுப்போட்டுத்தான் படம் கீறியிருக்கினம். உவவின்ர பாட்டன் புளுகன் எண்டு சொல்லு பிள்ளை."

அங்கே வீடுகள் இருந்திருக்கலாமாம் என்று நான் நாகரிகமாகச் சொன்னேன்.  அன்ரி அந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். இந்தக் குடும்பங்கள் எங்கே இருந்தன என்று இரண்டு வருடமாகத் தேடுகிறேன், உன் அப்பாவுக்கு எப்படி ஒரு நிமிடத்தில் தெரிந்தது என்று கேட்டார்.

"நேரமாச்சு எண்டு சொல்லு," என்றார் அப்பா.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. அப்பா துப்பறிவாளர்! அன்ரியும் உளவாளி இல்லை! மேலே ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் அப்பாவிடம் கேட்டார்:

"ஊரில உங்கட கிணத்தடியில குடியிருந்த மூண்டு குடும்பத்தை உங்கட அப்பர் எழுப்பிக் கலைச்சதையும் சொன்னனீங்களோ?"

"நீர் வாயை மூடும்."

அதோடு நான் கீழே போவதற்குத் தடை வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உளவாளி இல்லை என்று முடிவான பிறகும் ஏன்? ஒரு கிழமை அப்பாவோடு கதைக்கவில்லை. மனிதர் இன்னும் அந்த அன்ட்ராக்கை நினைத்துத்தான் நடுங்குகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.