யுகாதி அன்று வந்த அட்வான்ஸ்

1. நோட்டீஸ்

வருமான வரி நோட்டீஸைப் பார்த்து எங்கள் க்ளையன்டான அந்த நடிகர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெங்களூரில் முப்பது வருடம் ஒரே ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவள் நான். எந்த நோட்டீஸ் சும்மா வந்தது, எது ஆளை அடிக்க வந்தது என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

நடிகரின் பெயர் வேண்டாம். ஒரு கன்னட சீரியலில் வாத்தியாராக நடித்ததிலிருந்து ஊரே அவரை 'மேஷ்ட்ரு' என்றுதான் கூப்பிட்டது. கன்னடத்தில் வாத்தியார். அப்போது டிவியில் குழந்தைகளுக்கு ஒரு குவிஸ் நடத்திக்கொண்டிருந்தார். "பொய்யே சொல்லாத மேஷ்ட்ரு!" என்று பிள்ளைகள் கத்தினால்தான் நிகழ்ச்சியே ஆரம்பிக்கும். சினிமா வாய்ப்பு குறைந்த பிறகு அவருக்குச் சோறு போட்டது அந்த நிகழ்ச்சிதான்.

புகார் இதுதான்: மார்ச் கடைசியில் ஒரு தயாரிப்பாளர் கொடுத்த அட்வான்ஸை அந்த வருடம் காட்டாமல் அடுத்த வருடக் கணக்கில் காட்டியிருக்கிறார். வரியை ஒளிக்கவில்லை, முழுசாகக் கட்டியிருந்தார். ஒரு வருடம் தள்ளிக் கட்டியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் தயாரிப்பாளர் காசு கொடுக்கும்போதே டிடிஎஸ் வரி பிடித்த தேதி மார்ச் என்று கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிட்டது.

2. புதுப் புத்தகம்

சர்க்காருக்கு வருடம் ஏப்ரல் ஒன்றில் பிறக்கும். மேஷ்ட்ருவுக்கு யுகாதியன்று பிறக்கும். அன்று காலை நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, அன்றைக்கு வரும் அட்வான்ஸை முதல் வரியாக எழுதுவார். அதற்குப் பிறகு பழைய புத்தகத்தைத் திறக்க மாட்டார். யுகாதி ஏப்ரலில் வந்த வருடங்களில் தொல்லை இல்லை. அந்த வருடம் மார்ச்சிலேயே வந்து தொலைத்தது.

ரிட்டர்ன் போடும்போதே எனக்குக் கண்ணில் பட்டது. போன் செய்தேன்.

"மேஷ்ட்ரே, இந்த அட்வான்ஸ் பழைய வருஷத்துல வரணும்."

"ஏன் வசந்தம்மா? ஹப்பத்தன்னைக்கு, பண்டிகையும் அதுவுமா வந்த காசும்மா. ஹொசா புக்குல பூஜை போட்டு எழுதியிருக்கேன். அதைப் புடுங்கி பழசுல போட்டா நல்லாவா இருக்கும்?"

விடாமல் மல்லுக்கட்டியிருக்க வேண்டும். வரி எப்படியும் கட்டத்தானே போகிறார் என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

3. ஹியரிங்

பதில் எழுதும்போது எங்கள் ஆடிட்டர் சார் சொன்னார்: "யுகாதி, பூஜைன்னு எல்லாம் எழுதாதீங்க வசந்தா. சிரிப்பாங்க. கிளரிக்கல் மிஸ்டேக்னு போடுங்க, முடிஞ்சுது."

அப்படியே போட்டேன். கையெழுத்துப் போட வந்த மேஷ்ட்ரு தயங்கினார்.

"மிஸ்டேக்கா? நான் தப்பு எதுவும் எழுதலையேம்மா."

"சும்மா போடுங்க மேஷ்ட்ரே, இதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி" என்றேன். போட்டார்.

ஹியரிங் வீடியோவில் நடந்தது. இப்போதெல்லாம் எந்த அதிகாரி, எந்த ஊர் என்றே தெரியாது. லைன் கிடைக்கக் காத்திருந்தோம். மேஷ்ட்ரு காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"வசந்தம்மா, பேக்கந்த்லே-ன்னா இங்கிலீஷ்ல என்ன?"

கன்னடத்தில் அதற்கு 'வேணும்னே' என்று அர்த்தம். நான் பேங்க் ஸ்டேட்மென்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்காமல் "டெலிபரேட்லி" என்றேன்.

லைன் வந்தது. திரையில் முகம் இல்லை, குரல் மட்டும். "இது தவறுதலாக நடந்ததா?" என்று இங்கிலீஷில் கேட்டது. ஆடிட்டர் சார் வாயைத் திறப்பதற்குள் மேஷ்ட்ரு நிமிர்ந்து உட்கார்ந்தார். குவிஸில் சரியான விடை சொன்ன பிள்ளையின் சந்தோஷம் முகத்தில்.

"நோ மிஸ்டேக், சார். டெலிபரேட்லி."

ஐயோ! மனசாரத்தான் எழுதினேன், யாரும் கைதவறி எழுதவில்லை என்று அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்? மைக்குக்குப் போன என் கையை ஆடிட்டர் சார் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், இன்னும் சிக்கலாகும்" என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு யுகாதி கதையைச் சொன்னோம். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்றுதான் அதுவும் முடிந்தது.

4. ஆர்டர்

தெரிந்தே தவறாகக் காட்டியதாக அவரே ஒப்புக்கொண்டார் என்று ஆர்டரில் எழுதி, பெரிய பெனால்டி போட்டார்கள். அது எப்படியோ கசிந்து, அன்று சாயங்காலமே டிவியில் 'பொய் சொன்ன மேஷ்ட்ரு' என்று ஓடியது. அந்த வாரமே குவிஸிலிருந்து தூக்கிவிட்டார்கள். அப்பீல் போட்டிருக்கிறோம், நடக்கிறது. ஜெயித்தாலும் அந்தப் பிள்ளைகள் முன்னால் அவரை யார் நிற்க வைப்பார்கள்?

ஒருநாள்கூட அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்ன இங்கிலீஷ் கரெக்ட்தானேம்மா" என்றார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். க்ளையன்ட் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அவர் செய்யாத தப்பைச் செய்ததாக எழுதி அவரிடமே கையெழுத்து வாங்காதீர்கள்.

நான் ரிட்டயரானது போன மாதம். அதற்கு முன் கடைசியாக என் மேஜைக்கு வந்தது மேஷ்ட்ருவின் போன வருடப் புத்தகம். மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. ஏப்ரல் ஒன்றிலிருந்து மார்ச் முப்பத்தொன்று வரை ஒரு நாள் விடாமல், வரிக்கு ஒரு தேதியாக, வாத்தியார் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தார். இனி தேதியில் தப்பு வரக்கூடாது என்று எழுதியிருப்பார். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். எந்தத் தேதிக்கு எதிரேயும் ஒரு ரூபாய் வரவுகூட இல்லை.