அண்ணன் மேட்டுப் புல்

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிய அண்ணன் தம்பிக்கு எல்லோரும் வைத்த பெயர் பெரிய வெட்டுக்கிளி, சின்ன வெட்டுக்கிளி. மதியம் மரத்தடியில் தம்பி கண்ணயர்ந்தால், அண்ணன் பொடிக்கல் எறிந்து எழுப்புவான். அண்ணன் மாரடைப்பில் போய், அங்கேயே புதைக்கப்பட்டபின் தம்பி மட்டும் புல்வெட்டும் இயந்திரம் தள்ளினான். எல்லாக் கல்லறை மேட்டிலும் தள்ளினான்; அண்ணன் மேட்டில் மட்டும் கை வரவில்லை. அங்கே புல் முழங்கால் உயரம் வளர்ந்தது.

ஒரு சாயங்காலம் அந்த மேட்டின் பெயர் எழுதிய தகரப் பலகையில் 'டிக்' என்றது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. சுற்றிலும் ஈ காக்கைகூட இல்லை. அண்ணன் பொடிக்கல் எறிவது போலவே இருந்தது தம்பிக்கு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அண்ணியிடம் சொல்லித் தொலைத்தான்.

அதற்கப்புறம் அண்ணி தினமும் பொழுது சாய அங்கே வந்து உட்கார்ந்தாள். 'டிக்' என்றால், "ம், சொல்லுங்க" என்பாள். சாப்பாட்டை மறந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது.

"இப்படியே போனா பக்கத்துல இன்னொரு குழி வெட்டணும்டா, சின்னவனே" என்றார் தோட்டத்துக் காவல்காரர், பாதி கேலியாக.

பயந்துபோன தம்பி மேட்டருகே குந்திப் பார்த்தான். சில புல் இதழ்கள் நீளவாக்கில் மடிந்து, விளிம்போடு விளிம்பு வெள்ளை இழையால் தைக்கப்பட்டுக் கிடந்தன. ஒன்றைப் பிரித்தான். உள்ளே வெளிர்பச்சைப் புழு; கருத்த தலை. அது பின்புறத்தை வெளியே நீட்டி எச்சத்தைச் சுண்டியது. உருண்டை தகரத்தில் பட்டது. டிக். கூட்டருகே எச்சம் கிடந்தால் குளவி மோப்பம் பிடித்து வந்துவிடும். அதனால் எட்ட வீசுகிறது.

அன்றே அண்ணியிடம் காட்டினான். "அண்ணன் இல்ல அண்ணி, புழு. கொஞ்ச நாள்ல கூட்டுப்புழுவாகி அடங்கிடும். அப்புறம் சின்னதா பழுப்புப் பட்டாம்பூச்சியா விருட்டுனு பறந்துடும். வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

அண்ணி பிரிந்த இதழை இரு விரலால் சேர்த்துப் பிடித்தாள்.

"புழுன்னு முதல் நாளே பார்த்துட்டேன் தம்பி. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தப் புல்லு எதுல முளைச்சுது?"

அவன் குனிந்து புல்லின் அடியைப் பார்த்தான்.

"அவர்ல முளைச்சதைத்தானே அது தின்னுது? அப்போ எறியுறது வேற யாரு?"

புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, அவள் விரலிடுக்கில் மறுபடி இழை இழுத்தது.

"சாப்பாட்டை இங்க கொண்டு வா. இங்கதான் இறங்கும்."

ஓடினான். அவள் தட்டை மடியில் வைத்து முதல் வாய் வாங்கியதும் அவனுக்கு உயிர் வந்தது. அப்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு உருண்டை தெறித்து, தட்டின் நடுவில் விழுந்தது.

அண்ணி அதை ஒதுக்கவில்லை. நிதானமாகப் பிசைந்து, அடுத்த வாயை உருட்டினாள்.