தென்னூருக்கு வந்த ஸ்ரீரங்கத்துக் காலிப்பர்கள்

தென்னூரில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் ஹாலித், வருஷத்தில் ஒரே ஒரு நாள் ரேஸ் ஓட்டுநர். மற்ற நாட்களிலும் அவருக்கு அந்த நினைப்புதான் என்பது வேறு விஷயம். பிரியாணி தேக்சாக்களை அடுக்கும்போதுகூட வாயாலேயே கியர் மாற்றிக்கொண்டிருப்பார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஓட்டத்தளத்தில் அவரைப் போன்ற சொந்தக்காசு ரேஸ்காரர்களுக்கு வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். அதற்காகவே பழைய செடான் ஒன்றை வைத்திருந்தார். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஹாலித் நிறுத்தவில்லை.

போன வருஷம் வண்டியும் நிற்கவில்லை. முன்சக்கரத்துக் காலிப்பர் இறுகிப்போனதுதான் காரணம். சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புக் கிடுக்கிக்குத்தான் காலிப்பர் என்று பேர். ஒரு பக்கக் கிடுக்கி கவ்வ, மறுபக்கம் சும்மா இருக்க, வண்டி மூன்றாவது திருப்பத்தில் டயர்க் குவியலுக்குள் புகுந்தது. ஹாலித்துக்கு ஒரு கீறல் கிடையாது. ஆனால் யாரோ அதைச் செல்போனில் எடுத்து அனுப்ப, அவர் வீடு வந்து சேரும்வரை மனைவி மெஹ்ரீன் அடுப்படியில் நின்றபடி அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே ரேஸுக்குப் போகணும்னா, வண்டி நிக்கும்னு என் கண்ணு முன்னாடி காட்டிட்டுப் போங்க" என்றாள். கார் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

ரேஸுக்கென்றே வெளிநாட்டில் செய்கிற காலிப்பர் வாங்குகிற விலைக்கு ஹாலித்தின் காரைப் போல இன்னொரு காரே வாங்கலாம். பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தவை எல்லாம் உள்ளே துருவேறி, ஊறுகாய் ஜாடியில் கிடந்தவை மாதிரி இருந்தன. கடைசியில் அவர் தாமே ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தார். நல்ல காலிப்பர், பிரேக் அதிகம் பிடிக்காதவர் வண்டியில்தான் இருக்கும். வேகமாகவே போகாதவருக்குப் பிரேக் எதற்கு? ஆகவே திருச்சியிலேயே மெதுவாகக் கார் ஓட்டுகிறவர் யார் என்று தேடக் கிளம்பினார்.

ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் யாரைக் கேட்டாலும் அழகிரியைக் காட்டினார்கள். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அதே செடான், அதிலும் உயர்ந்த ரகம், பெரிய காலிப்பர். அவர் கார் வீதியில் வரும்போது பூக்கூடைக்காரி நடந்தே முந்திப்போய், திரும்பி நின்று பூ வேண்டுமா என்று கேட்பாள். ஹாலித் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காரின் ஜன்னலோரம் கூடவே நடந்தார். பேச்சு முழுக்க அப்படித்தான் நடந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கவில்லை.

"சார், உங்க காலிப்பர எனக்குக் கொடுப்பீங்களா?"

"கொடுத்துட்டு நான் எதை வெச்சிண்டு நிக்கறது, பாய்?"

"என்னோடது சின்னது சார். புது ரப்பர் போட்டு, சுத்தம் பண்ணி மாட்டித் தரேன். ரேஸ் சூட்டுக்குத்தான் அது தாங்காது. உங்க வேகத்துக்குத் தாராளம்."

அழகிரி ஒரு வீதி முழுக்க யோசித்தார். "காசெல்லாம் வேண்டாம். ஆனா நன்னா வெச்சுக்கணும். வாராவாரம் வந்து பார்ப்பேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். காலிப்பர்களைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு அனுப்பினார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகம் அவருக்கு. இரண்டும் மாறிப்போகக் கூடாதென்று ஒன்றில் சக்கரமும் ஒன்றில் சங்கும் வெள்ளைப் பெயின்டில் வரைந்திருந்தார். "வலது, இடதுன்னு எழுதினா யாருக்கு வலதுன்னு குழப்பம் வரும். இதுல குழப்பமே வராது" என்றார். ஹாலித்தும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசித்தார். ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் இறக்கப்போகும்போதெல்லாம் வாசல் வளைவில் பார்த்திருக்கிறார். இடப்பக்கம் சக்கரம், வலப்பக்கம் சங்கு. நினைவு சுத்தமாக இருந்தது. அப்படியே மாட்டினார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அழகிரி வருவார். காவிரிப் பாலத்தில் அவர் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டாலும் தென்னூரில் மெஹ்ரீன் டீ போட அவசரமில்லை, அவர் வருவதற்குள் ஆறிப்போகும் என்று ஹாலித் கேலி செய்வார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "நம்மாத்து காலிப்பர் சௌக்கியமா?" என்பார். ஹாலித் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு சார்" என்பார். அப்புறம் அழகிரி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, ஹாலித் கீழே படுத்துப் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றப் பார்ப்பார். காற்று வரவே வராது. ஆனால் பெடல் மட்டும் ஊறிய பன்ரொட்டி போல அமுங்கும்.

"புது இடம் பாருங்கோ. பழக நாளாகும்" என்றார் அழகிரி.

ஹாலித்துக்கும் அது சரியென்றே பட்டது. இத்தனை வருஷம் ரேஸ் ஓட்டுகிற மனிதர் ஒரு இரும்புத் துண்டு புகுந்த வீட்டுக்குப் பழகட்டும் என்று காத்திருந்தார் என்றால், அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டி நெருங்கியது. சோதனைக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு காலி மைதானம். மெஹ்ரீன் தன் அண்ணன் ஜமால் குவைத்திலிருந்து கொண்டுவந்த டின்னர் செட்டை அட்டைப்பெட்டியோடு எடுத்துவந்தாள். பெருநாளுக்குக்கூடப் பிரிக்காத செட். தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் மண்ணில் வரிசையாக அடுக்கினாள்.

"இதுக்கு முன்னாடி நிக்கணும்" என்றாள்.

ஹாலித் வேகமாக வந்தார். மிதித்தார். மறுபடி மிதித்தார். தண்ணீர்ப் பம்பு அடிப்பதுபோல மிதித்துக்கொண்டே வர, வண்டி தயங்கித் தயங்கி வந்து சூப் கிண்ணத்தின் மேல் ஏறி நின்றது. அந்த வீட்டில் யாரும் சூப் குடித்ததில்லை. ஆனாலும் மெஹ்ரீனின் முகம் செத்துப்போயிற்று.

கூட வந்து ஓரமாக நின்றிருந்த அழகிரி, முதல் தடவையாகக் காரின் எதிரே வந்து நின்றார். சந்நிதியில் நிற்கிற பழக்கத்தில் கை தன்னால் கூப்பிக்கொண்டது. குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், சக்கரம் போட்டது இந்தப் பக்கமா இருக்கு?"

"வளைவுல இடப்பக்கம்தானே சார் இருக்கும்?"

"அது நின்னு சேவிக்கற நமக்கு இடப்பக்கம். பெருமாளுக்கு அது வலக்கை. உள்ளே உக்காந்துண்டிருக்கறவர் நீங்கதானே?"

ஹாலித் சட்டென்று வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். காலிப்பரில் காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு மேலே இருக்க வேண்டும். காற்று மேலேதான் ஏறும். இடமும் வலமும் மாறியதால் திருகு கீழே வந்திருந்தது. காற்றெல்லாம் உச்சியில் சுகமாகத் தங்கியிருந்தது. எப்போதும் ஒவ்வொரு பக்கமாகக் கழற்றி மாட்டியே பழகியவருக்கு இப்படியும் மாறிப்போகும் என்று தெரிந்திருக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அங்கேயே இரண்டையும் மாற்றினார்கள். காற்று குமிழ் குமிழாக வந்து தீர்ந்தது. பெடல் கல்லாக நின்றது.

"இப்ப தட்டை வை" என்றார் ஹாலித்.

மெஹ்ரீன் தட்டுகளை வைக்கவில்லை. தானே போய் அந்த இடத்தில் நின்றாள்.

"தைரியமா நில்லும்மா. நம்மாத்து சரக்கு" என்றார் அழகிரி.

"நீங்களும் வாங்க சார்."

கோயிலுக்கு நாழியாகிவிட்டது என்பது அழகிரிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

ஹாலித் கியர் போட்டார். கால் எழவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"என்னால முடியல."

"பிரேக் மேல நம்பிக்கை இல்லையா?"

"பிரேக் மேல இருக்கு."

"அப்புறம் என்ன?"

 மெஹ்ரீன் அவரையே பார்த்தாள். "வருஷா வருஷம் நான் வீட்ல இப்படித்தான் உக்காந்திருக்கேன்" என்றாள்.  பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய்த் தட்டுகளை அடுக்கினாள். இந்தத் தடவை வண்டி தட்டுகளுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. அன்று சாயங்காலம் சாவி அரிசிப் பானைக்குத் திரும்பவில்லை.

போட்டியில் ஹாலித் கடைசியாக வந்தார். மைக்காரர்கூட அவரை மறந்துவிட்டுப் பரிசளிப்பை ஆரம்பித்திருந்தார். கூட வந்திருந்த அழகிரி, சூடு ஆறாத சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, "என்ன பாய், எங்காத்துக் காலிப்பர் சரியாப் பிடிக்கலையா?" என்று கவலையோடு கேட்டார்.

"நல்லாப் பிடிக்குது சார்" என்றார் ஹாலித். "ஒவ்வொரு திருப்பத்திலயும் அவ நிக்கறா."